விளக்கெண்ணெய் வாசனையில் ஐந்து நாள்

ஜூன் 15, வியாழன் – ஹெண்டன், லண்டன்

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் பாலிடெக்னிக்கில் லேத் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அக்கா மகன் லண்டனில் வெம்பிளிப் பக்கம் இருக்கிறான், ஆறு வருடமாக "மாமா, ஒரு தடவையாவது வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வந்தவனுக்குக் காட்ட அரண்மனை, பாலம், மெழுகு பொம்மை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தவனிடம், எனக்குப் பழைய போர் விமானங்களைப் பார்த்தால் போதும் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! அவன் மனைவிதான் "விடுங்க, அவருக்குப் பிடிச்சதைப் பாக்கட்டும்" என்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தாள்.

காலிண்டேல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போனேன். வெயில் 28 டிகிரி. அதற்கே ஊர்க்காரர்கள் சிவந்துபோய் நிழலுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காபிதான் 3 பவுண்டு 80 பென்ஸ். அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன், இல்லாவிட்டால் ஐந்து நாளும் பட்டினிதான்.

குண்டுவீச்சு விமானங்கள் நிற்கும் கொட்டகையில் நுழைந்ததும் எதிரே ஒரு லங்காஸ்டர். 137 முறை போய்வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். மூக்கின் பக்கவாட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சின்ன குண்டு வரைந்து, அதற்குக் கீழே, எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் மண்ணின்மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் அடித்த வீராப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நக்கல் எந்தக் காலத்திலும் நக்கல்தான்.

என்னை நிறுத்திவைத்தது அது இல்லை. இன்னும் உள்ளே போனால் ஒரு ஹாலிஃபாக்ஸ் கிடக்கிறது, நிற்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரியின்மேல் இறங்கியது. பிறகு ஏரியில் மூழ்கிவிட்டது. 1973-இல் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். எடுத்தபடியேதான் இன்றும் வைத்திருக்கிறார்கள். தகரம் உளுத்த முறுக்கு மாதிரி பொடிந்து, உள்ளே விலா எலும்புகள் தெரிகின்றன. முப்பது வருடம் தொழில் கற்றுக்கொடுத்த எனக்கு, முதலில் கை பரபரத்தது என்னவோ உண்மைதான், அந்த எலும்பை நிமிர்த்தி ஒரு தகடு அடித்தால் என்ன என்று. கொஞ்ச நேரம் நின்றபிறகு, வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. (இந்தக் கருத்து நாளைக்கே மாறிவிட்டது, பொறுங்கள்.)

பக்கத்திலேயே நம்மூர் சம்பந்தம் ஒன்று. நான்கு எஞ்சின் லிபரேட்டர், 1974-இல் இந்திய விமானப்படை இவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. இந்தக் கதை எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கா கடனாகக் கொடுத்த லிபரேட்டர்களை இனி யாரும் பறக்கவிடக் கூடாதென்று கான்பூரில் போட்டு உடைத்துவிட்டுப் போனார்கள் வெள்ளைக்காரர்கள். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அங்கே போய், ஒன்றின் கையை எடுத்து இன்னொன்றின் தோளில் வைத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைத் தேற்றி, பெங்களூருக்குப் பறக்கவிட்டே கொண்டுபோனார்கள். நம் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகத்தில் மற்ற எல்லா நாடும் லிபரேட்டரை உருக்கித் தீர்த்தபிறகு, அருங்காட்சியகக்காரர்களுக்கு முழு விமானம் வேண்டுமென்றால் இந்தியாவிடம்தான் வரவேண்டியிருந்தது.

அதன் எஞ்சின் முன்னால் நின்றபோதுதான் ஒரு ஞாபகம். நான் படித்த கல்லூரியின் ஒர்க்‌ஷாப் மூலையில் இப்படி ஒரு நட்சத்திர எஞ்சின், அதாவது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கியது, இருந்தது. பாதி வெட்டி, வெட்டிய இடத்தில் சிவப்பு பெயின்ட் அடித்து, ஸ்டாண்டில் ஏற்றியிருப்பார்கள். அது என்ன எஞ்சின் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சாப்பாட்டுத் தூக்கை அதில் மாட்டிவைப்போம். அங்கேயே வேலை பார்த்துப் போன வருடம் ஓய்வு பெற்ற நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு, எலுமிச்சை சாதத்தைப் பிரித்தேன்.

ஜூன் 16, வெள்ளி – டக்ஸ்ஃபோர்ட்

ரயில் ரத்து. அடுத்ததும் ரத்து. மூன்றாவதில் ஏறினால் இருக்கை இல்லை, கழிப்பறைக் கதவோரம் நின்றபடி பயணம். விட்டில்ஸ்ஃபோர்டில் இறங்கியபோது பதினொன்று ஆகிவிட்டது. வெளியே ஒரே ஒரு டாக்ஸி, அதில் ஒரு வயதான தம்பதி ஏறிக்கொண்டிருந்தார்கள். என் தொப்பியையும் கையிலிருந்த வரைபடத்தையும் பார்த்த அந்த அம்மா, "விமானத்துக்குத்தானே? ஏறுங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார். பணம் நீட்டியதற்கு அவர் கணவர் வாங்கவே இல்லை. வெள்ளைக்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டக்ஸ்ஃபோர்ட் நிஜமான விமானத்தளம். ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானம் முதன்முதலாகப் படைக்கு வந்து சேர்ந்தது இங்கேதான், 1938 ஆகஸ்டில், 19-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவுக்கு. இப்போதும் பாதி அருங்காட்சியகம், பாதி ஒர்க்‌ஷாப். நுழைவுச்சீட்டு கையைக் கடித்தது, ஆனால் ஒரு நாள் போதாத இடம். ஒலியை மிஞ்சிப் பறந்த பயணி விமானம் கான்கார்ட்கூட நிற்கிறது. எட்டிப் பார்த்ததோடு சரி, எனக்கு அதில் மனம் போகவில்லை.

மனம் போனது கொட்டகைகளில். கயிறு கட்டியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் ஆட்கள் நிஜமாகவே வேலை செய்கிறார்கள். ரிவெட் அடிக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு வேலைக்குத் திரும்பிவிட்ட உணர்வு. கயிற்றோரம் தன்னார்வலர் ஒருவர் நின்றார், எழுபத்தைந்து வயது இருக்கும். லேத் வாத்தியார் என்று சொன்னதும் கை குலுக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் விடவில்லை.

ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முதுகெலும்பு ஒரே உத்திரம் இல்லையாம். சதுரக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியது. உடம்புக்குப் பக்கத்தில் எல்லாக் குழாயும் இருக்கும். நுனிப்பக்கம் போகப்போக உள்குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும், பாரம் குறைவதற்கேற்ப. என்ன மூளை! எண்பது வருடத்தில் அந்தக் குழாய்களுக்கு நடுவே ஈரம் இறங்கி அரித்திருக்குமா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பறக்கப்போகும் விமானத்துக்குப் புதிதாகவே செய்துவிடுகிறார்கள். மெக்னீசியம் கலந்த பாகங்களும் அப்படித்தான், உப்புக்காற்றில் கரைந்தே போயிருக்கும். ஹரிக்கேன் என்ற இன்னொரு சண்டை விமானம் அதைவிடப் படுத்துமாம். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரக்கட்டை, அதன்மேல் லினன் துணி. பார்க்க எளிமை, ஆனால் அந்தக் குழாய்களின் முனையைச் சதுரமாக நசுக்கிப் பொருத்தும் வித்தை தெரிந்த ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 14,000-க்கும் மேல் செய்த ஹரிக்கேனில் இன்று பறப்பவற்றை எண்ணக் கை விரலோடு கால் விரலையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

"எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது அதே விமானம்தானா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். தினமும் பத்துப் பேர் கேட்பார்கள் போல. எண் பொறித்த தகடும், கொஞ்சம் பழைய பாகமும், விட்டுப்போகாத ஆவணமும் இருந்தால் அதே விமானம்தான் என்றார். எங்கள் ஊர்த் தேரில் அச்சு மாற்றியாகிவிட்டது, சக்கரம் மாற்றியாகிவிட்டது, மேல்தட்டு மரம் என் அப்பா காலத்தில் மாற்றியது. அது வேறு தேர் என்று சொல்லிப்பாருங்கள், வடம் பிடிக்கிறவன் அடிக்க வருவான். இதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

இந்த ஊர்க்காரர்களின் பிடிவாதத்துக்கு ப்ளென்ஹைம் என்ற குண்டுவீச்சு விமானத்தின் கதை போதும். பன்னிரண்டு வருடம் உழைத்து ஒரு ப்ளென்ஹைமைத் தேற்றி 1987-இல் பறக்கவிட்டார்கள். ஒரே மாதத்துக்குள் விழுந்து நொறுங்கியது. ஆட்கள் பிழைத்தார்கள். இன்னொன்றை எடுத்துத் தேற்றி 1993-இல் பறக்கவிட்டார்கள். 2003-இல் இறங்கும்போது அதுவும் அடிபட்டது. மூன்றாவது தடவை அதற்கு வைத்த மூக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? போருக்குப் பிறகு விமானக் கம்பெனி ஊழியர் ஒருவர் ப்ளென்ஹைமின் மூக்குப் பகுதியை வாங்கி, அதை மின்சார கார் ஆக்கி, நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த காரைத்தான் மறுபடி விமானமாக்கி 2014-இல் மேலே ஏற்றினார்கள். நேற்று ஹாலிஃபாக்ஸைப் பார்த்து இப்படியே இருக்கட்டும் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

எந்த ஊர் என்று கேட்டார், மெட்ராஸ் பக்கம் என்றேன். உடனே "264!" என்றார். எனக்குப் புரியவில்லை. போரின்போது விமானம் வாங்கப் பணம் திரட்டிக் கொடுத்த ஊர்களின் பெயரை ஸ்குவாட்ரன்களுக்கு வைத்தார்களாம். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று ஒப்புக்கு ஒரு விலை. சென்னை மாகாணம் கொடுத்த பணத்துக்கு 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைச் சுமந்திருக்கின்றன. 264-ஆவது 1940 மே மாதம் இதே தளத்தில் இருந்தது, டிஃபையன்ட் விமானங்களோடு. டிஃபையன்ட் என்பது வினோதப் பிறவி. முன்னால் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது, முதுகில் சுழலும் கூண்டில் நான்கு. முதலில் ஜெர்மன்காரர்கள் ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து மாட்டிக்கொண்டார்கள். சூட்சுமம் புரிந்ததும் முன்னாலிருந்தும் அடியிலிருந்தும் வந்து தீர்த்துவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் செய்ததில் இன்று முழுசாக இருப்பது ஒன்றே ஒன்று. பணம் கொடுத்த நம் ஜில்லாக்காரர்கள் மனமுவந்து கொடுத்தார்களா, கலெக்டர் கேட்டு மறுக்க முடியாமல் கொடுத்தார்களா என்று திரும்பும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். திரும்பும் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, அதையும் சொல்லவேண்டும்.

இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் ஒரு சுற்றுப் போய்வரலாம். விலை மூவாயிரம் பவுண்டுக்குப் பக்கம். அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, காரே அவ்வளவுக்கு வரும்" என்றான்.

ஜூன் 17, சனி – ஓல்ட் வார்டன்

இந்தப் பயணத்தில் ஒரு நாள்தான் மிச்சம் என்று சொன்னால் நான் இந்த நாளைத்தான் கேட்பேன்.

பிகிள்ஸ்வேட் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி 18 பவுண்டு. ஊர் என்று சொல்ல நாலு ஓட்டுவீடு, ஒரு பூங்கா, ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளிதான் ஓடுதளம். ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார இளைஞர் பழைய கார்களும் விமானங்களும் சேர்த்துவைத்த இடம். அவர் 1940 ஆகஸ்டில், 31 வயதில், விமானப்படைப் பயிற்சியில் விழுந்து இறந்துபோனார். ஒரே பிள்ளை. அவர் அம்மாதான் சொத்தை அறக்கட்டளை ஆக்கி, மகன் சேர்த்ததை அழியாமல் வைத்தார். இன்று அவை மாலையில் பறக்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

மதியம் வந்து சேர்ந்தால் காற்று. மரக்கிளை ஆடும் அளவுக்குத்தான், ஆனால் 1909-இல் செய்த ப்ளேரியோ விமானத்துக்கு அது புயல். ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களிடம் எல்லாம் "ப்ளேரியோவைப் பற்றி இப்போது கேட்காதீர்கள், ஆறு மணிக்கு மரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மக்கள் புல்லில் மடக்கு நாற்காலி, கூடை, தெர்மாஸ் என்று குடும்பம் நடத்துகிறார்கள். எனக்கு நாற்காலி இல்லை என்று பார்த்த பக்கத்துக் குடும்பம் ஒரு ஜமக்காளத்தைக் கொடுத்து, ஒரு ஸ்ட்ராபெரி டப்பாவையும் நகர்த்தியது. பதிலுக்கு நான் முறுக்கு கொடுத்தேன். அவர்கள் பையன் ஒன்பது வயது இருப்பான், ஒவ்வொரு சுற்றாக ஆராய்ந்து, இது எப்படிச் சுற்றப்பட்டது என்று கேட்டான். நல்ல கேள்வி. எஞ்சினியர் ஆகிவிடுவான்.

கொட்டகைக்குள் ஒரு ஹாக்கர் ஹைண்ட். வெள்ளி நிறம், இரட்டை இறக்கை. இது ஆப்கானிஸ்தான் விமானப்படை வைத்திருந்தது. 1970-இல் காபூலிலிருந்து லாரியில், தரை வழியாகவே, சுமார் ஆறாயிரம் மைல் கொண்டுவந்திருக்கிறார்கள். மறுபடி பறக்க 1981 ஆனது. விமானத்தை லாரியில் ஏற்றி மலைகளுக்கு நடுவே ஓட்டிய அந்த டிரைவர்களைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்தது ஒரு ஸீ ஹரிக்கேன், கப்பலிலிருந்து பறக்கச் செய்த ஹரிக்கேன். இது பிழைத்ததன் காரணம் லஃப்பரோ கல்லூரி. போருக்குப் பிறகு மாணவர்கள் கழற்றிப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். கொட்டகைக் காவலாக இருந்த அம்மா இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் நாட்டிலும் ஒன்று அப்படித்தான் பிழைத்தது, தெரியுமா?" என்றார். ஆர்4118 என்ற ஹரிக்கேன். 1940-இல் லண்டனைக் காத்த சண்டையில் 49 முறை மேலே போனது. அப்புறம் இந்தியாவுக்கு அனுப்பி, 1947-இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தக் கொடுத்துவிட்டார்கள். 1982-இல் பழைய கார் தேடிப்போன ஓர் ஆங்கிலேயர் அதைக் கல்லூரி வளாகத்தில் வெட்டவெளியில் பார்த்திருக்கிறார். கையில் கிடைக்க 2001 ஆனது, பறக்க 2004. பிறகு சில வருடம் இங்கேயே நிறுத்தியிருந்தார்களாம்.

பத்தொன்பது வருடம் கழித்தாவது அவர் அதை வாங்கிவிட்டார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏதோ ஒரு பனாரஸ் அட்டெண்டர், ஏதோ ஒரு ஸ்டோர்கீப்பர், அதை எடைக்குப் போடாமல் அத்தனை வருடம் விட்டுவைத்தாரே, அதுதான் பெரிய விஷயம். அக்கறையில் விட்டாரா, ரைட்‌ஆஃப் ஃபைல் கையெழுத்தாகாமல் நின்றதா என்பது நம் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த ஃபைலுக்கு ஒரு கும்பிடு.

ஆறரைக்கு எஞ்சின்கள் ஆரம்பம். முதலில் அவ்ரோ 504. இதில் சுழலி எஞ்சின், அதாவது நடுத்தண்டு அசையாமல் இருக்க, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். நான் பாடத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க நம் வண்டிபோல வசதி இல்லை. இறங்கும்போது விமானி பொத்தானை அமுக்கி அமுக்கி எஞ்சினின் தீப்பொறியை வெட்டுகிறார். பர்ர்ர்... அமைதி... பர்ர்ர்... என்று, இருமல் வந்த ஆள் பேசுவதுபோல ஒரு சத்தம்.

அது உருண்டு எங்களைத் தாண்டிப் போனதும் ஒரு வாசனை வந்தது. சட்டென்று எனக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடி, ஒரு கையில் என் மூக்கைப் பிடித்து இன்னொரு கையில் சங்கோடு என் பாட்டி. விளக்கெண்ணெய்!

இந்த எஞ்சினுக்கு மசகு அதுதான். பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வரும். சாதாரண எண்ணெய் அதில் கரைந்து வீணாகும், ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் கரையாது. உள்ளே போன எண்ணெய் திரும்புவதும் இல்லை, எரிந்தும் எரியாமலும் வெளியே தெளித்துவிடும், விமானியின் முகத்தில், கழுத்துத் துணியில், வாயில். முதல் உலகப்போர் விமானிகளுக்கு வயிறு போனதெல்லாம் வேடிக்கைக் கதை இல்லை. அந்த எண்ணெய்க்கான ஆமணக்கு விதை பெரும்பாலும் கப்பலேறியது இந்தியாவிலிருந்து. நம் புன்செய் வரப்பில் விளைந்ததைக் குடித்துவிட்டு பிரான்ஸ் வானத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். இதைப் பக்கத்துக் குடும்பத்திடம் சொன்னபோது, பாட்டியின் சங்கை மட்டும் நடித்துக் காட்டவேண்டியிருந்தது. அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஹைண்ட் பறந்தது, ஸீ ஹரிக்கேன் தலைக்கு மேலே சாய்ந்து திரும்பியது. அதன் மெர்லின் எஞ்சின் சத்தம் பற்றி ஆளாளுக்கு உருகுவார்கள். எனக்குப் பிடித்தது இருமல்காரன்தான். எட்டரை மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்தது. எல்லோரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ப்ளேரியோவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், துணிப்பட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்கள், பத்து நிமிடம் பேசினார்கள், திரும்பத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் முணுமுணுக்கவே இல்லை, கை தட்டியது. பறக்காததற்குக் கைதட்டல்!

கடைசி ரயிலைப் பிடிக்க டாக்ஸி கிடைக்காமல் திண்டாடியதும், ஜமக்காளக் குடும்பமே ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டதும் தனிக்கதை.

ஜூன் 18, ஞாயிறு – பாஸ்டன், லிங்கன்ஷயர்

அமெரிக்காவில் இருக்கும் பாஸ்டன் இல்லை, அதற்குப் பெயர் கொடுத்த மூல ஊர். நாளைக்குப் பார்க்கவேண்டிய இடம் இங்கிருந்து பக்கம் என்று வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்பதை வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். இடி மழை. தேவாலயக் கோபுரம் மட்டும் 80 மீட்டருக்கும் மேல் உயரத்துக்குத் தனியாக நிற்கிறது. போரிலிருந்து திரும்பும் விமானிகளுக்கு அதைப் பார்த்தால் வீடு வந்துவிட்ட நிம்மதி இருந்திருக்கும்.

சலவைக்கடையில் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் 11 பவுண்டு. மீன் முழங்கை நீளம், உப்பு இல்லை, காரம் இல்லை. கடைக்காரரிடம் மிளகாய் சாஸ் கேட்டேன், வினிகரைக் காட்டினார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

நண்பன் பதில் அனுப்பியிருந்தான்: "அந்த எஞ்சினா? 2003-லயே எடைக்குப் போட்டாச்சுடா. நான்தான் லாரி ஏத்தி விட்டேன்."

ஜூன் 19, திங்கள் – ஈஸ்ட் கிர்க்பி

இந்த விமான அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. பான்டன் சகோதரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டஃபர் ஹாலிஃபாக்ஸ் ஒன்றில் ஃபிளைட் எஞ்சினியர். 1944 மார்ச் 30 இரவு நூரம்பர்க் மேல் குண்டு போடப் போனவர் திரும்பவில்லை. தம்பிகள் பெரியவர்களாகி, கோழி வளர்க்க வாங்கிய இந்தப் பழைய விமானத்தள நிலத்திலேயே அண்ணனுக்கு நினைவிடம் வைக்க நினைத்து, 1983-இல் ஒரு முழு லங்காஸ்டரை வாங்கினார்கள். அது வேறொரு தளத்தின் வாசலில் காட்சிக்கு நின்றதால் இங்கே கொண்டுவர 1988 ஆனது. சிலைக்குப் பதிலாக நான்கு எஞ்சின் விமானம்.

7,377 லங்காஸ்டர் செய்தார்கள், இன்று பறப்பவை இரண்டு. ஒன்று இதே மாவட்டத்தில் கோனிங்ஸ்பியில், இன்னொன்று கனடாவில். இங்கிருப்பது பறக்காது, ஆனால் நான்கு எஞ்சினையும் ஓட்டித் தரையில் உருண்டு காட்டும். குளிர்காலத்தில் பாகம் பாகமாகக் கழற்றிப் பறப்பதற்குத் தயார் செய்கிறார்கள், கோடையில் மறுபடி பூட்டி ஓட்டுகிறார்கள். உள்ளே உட்கார்ந்துபோக எப்போதோ முன்பதிவு தீர்ந்துவிட்டது. வேலியோரம் நின்றேன்.

எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. பிடிக்கும்போது ஒரு குபீர் நீலப்புகை, அப்புறம் சீராக ஒரு உறுமல். நான்காவதும் சேர்ந்ததும் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. பின்னால் புல்லெல்லாம் தரையோடு படுத்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில், கோட்டும் டையும் அணிந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் என்று நான் கேட்கவில்லை. இந்தக் குண்டுவீச்சுப் படையில் மட்டும் செத்தவர்கள் 55,573 பேர். அவர்கள் போட்ட குண்டில் ஜெர்மனியில் செத்தவர்களோ பல லட்சம். கொட்டகையில் முதல் எண்ணைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது இதெல்லாம் ஞாபகம் வரவில்லை, நின்றபிறகுதான் வந்தது. அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

தேநீர்க் கடையில் ஒரு ஸ்கோனும் டீயும் 5 பவுண்டு. உட்கார்ந்தபோது நண்பனிடமிருந்து படம். "எஞ்சின் போச்சு, ஆனா ஒரு பிஸ்டனை அட்டெண்டர் எடுத்து வெச்சிருக்கார். எச்.ஓ.டி. மேஜைல பேனா ஸ்டாண்டு. இன்னைக்குப் போய்ப் பாத்தேன்." படத்தில் அலுமினியப் பிஸ்டன் தலைகீழாக, உள்ளே நாலு பேனா, ஒரு கத்தரிக்கோல்.

விட்டம் எவ்வளவு என்று கேட்டேன்.

"ஸ்கேல் வெச்சுப் பாத்தேன். பதினாலு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கம்மி."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். நட்சத்திர எஞ்சின் வகைகளில் பிரிட்டிஷ் பிரிஸ்டல்கள் 146 மில்லிமீட்டர், அமெரிக்கன் சைக்ளோன் 155-க்கும் மேல். 139.7 என்றால் ட்வின் வாஸ்ப். டகோட்டா சரக்கு விமானத்துக்கும் அதுதான், லிபரேட்டருக்கும் அதுதான். வியாழக்கிழமை நான் நின்று பார்த்த அதே எஞ்சின். கான்பூரிலிருந்து வந்ததோ, டகோட்டாவிலிருந்து கழற்றியதோ, நாங்கள் தூக்கு மாட்டி வைத்தது அதில்தானோ?

"ஸ்கேல் எல்லாம் நம்ப முடியாது. வெர்னியர் வெச்சு அள. பிஸ்டனோட பாவாடைப் பக்கம், அதான் அடிவிளிம்புல, எண் ஏதாவது பொறிச்சிருக்கான்னு பாரு."

"வெர்னியர் ஸ்டோர்ல இருக்கு. ஸ்டோர்கீப்பர் லீவு. வியாழக்கிழமைதான் வருவாராம்."